மணிக்கு இருபது நிமிடம்

ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம். தேர்வெழுதும் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது இவ்வளவு நேரம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் விதி. 2013 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதலிலும் இது இருந்தது, 2018 ஆகஸ்டில் வந்த திருத்தத்திலும் இருந்தது. மூன்று மணி நேரத் தேர்வை நான்கு மணி நேரத்தில் எழுதலாம். நம் கல்விப்புலம் மாற்றுத்திறனாளியின் நேரம் வேறு கணக்கில் ஓடுகிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் எல்லோருக்கும் தெரிந்தது இந்த விதி. தேர்வுக்கூடத்துக்கு வெளியே பருவம் முழுவதும் அவர் செலவழிக்கும் நேரத்துக்குக் கணக்குப் புத்தகமே கிடையாது. கல்லூரிகள் மாற்றுத்திறனாளிகளை உள்ளே சேர்த்துக்கொள்கின்றனவா என்ற கேள்வியை இடங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் வழக்கமாகக் கேட்கிறோம். மணிக்கணக்கை வைத்துக் கேட்டால் பதில் மாறுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் 1988 முதல் அங்கேதான். சிறப்பாசிரியர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள், பிரெய்ல் புத்தகங்கள் அச்சாகின்றன. டிரங்க் ரோட்டில் வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடக்கும் பையன்களை அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

இந்தப் பையன்களில் ஒருவன் பிளஸ் டூ முடித்ததும் எங்கே போவான்? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவேற்காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரிப் பெயர்ப்பலகைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 32இல், உயர்கல்வி இடங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது? அரசுக் கல்வி நிறுவனங்களிடமும் அரசின் உதவி பெறும் நிறுவனங்களிடமும் மட்டும். சுயநிதிக் கல்லூரியை அந்த வரி தொடவில்லை. ஆகவே நம் பையன் 25ஜி பேருந்தில் ஏறி, போரூர், வடபழனி வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வரலாறோ தமிழோ சேர்கிறான். பார்வை மாற்றுத்திறனாளிகள் அங்கே நெடுங்காலமாகக் கணிசமாகப் படித்துவருகிறார்கள். வழியில் எத்தனையோ கல்லூரிகளை அவனுடைய பேருந்து கடந்து போகிறது.

இடஒதுக்கீடு இல்லையென்றால் கடமையும் இல்லை என்று சில நிர்வாகங்கள் நினைத்துக்கொள்கின்றன. அது தவறு. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அரசு அங்கீகரித்த நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. கட்டடமும் வளாகமும் எல்லோரும் வந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும், மாணவரின் தேவைக்கேற்பத் தக்க வசதி செய்துதர வேண்டும் என்கிறது. அங்கீகாரம் இல்லாமல் எந்தக் கல்லூரியும் நடப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 2017 டிசம்பரில், டிஸேபிள்டு ரைட்ஸ் குரூப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 5 விழுக்காட்டைக் கட்டாயம் கடைப்பிடிக்கச் சொன்னதோடு கட்டட வசதியையும் கற்பித்தல் முறையையும் சேர்த்தே பேசியது.

எண்ணிக்கை என்ன சொல்கிறது? அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019–20இல் நாடு முழுவதும் உயர்கல்வியில் இருந்த மாற்றுத்திறனாளி மாணவர்கள் 92,831 பேர். அடுத்த ஆண்டு, ஊரடங்கு ஆண்டில், 79,035 ஆகக் குறைந்தார்கள். அந்த ஆண்டு மொத்த மாணவர்கள் 4.13 கோடி. ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. மொத்தச் சேர்க்கை ஏறிய ஆண்டில் இவர்களுடைய எண்ணிக்கை மட்டும் இறங்கியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல், 2.68 கோடிப் பேர், மாற்றுத்திறனாளிகள் என்று சொன்ன நாடு இது. கல்லூரி வாசலுக்கு வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு உதிர்ந்துவிடுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. வயதுக் கணக்கெல்லாம் பார்த்துத் திருத்தினாலும் இடைவெளி அடையாது.

உதிராமல் வந்து சேர்ந்தவர்களின் நேரத்துக்கு என்ன ஆகிறது என்பதே இனிப் பேச்சு.

அதற்கு முன் ஒரு பழைய கதை. பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்று ஒரு புலவர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. திருக்கழுக்குன்றப் புராணம் பாடியவர். முதுகில் எழுத்துகளை எழுதச் சொல்லி அவர் கற்றுக்கொண்டதாகச் செவிவழிச் செய்தி உண்டு. நடந்ததோ நடக்கவில்லையோ, அப்படி ஒரு கதையைச் சொல்லிவைத்த சமூகத்துக்குக் கற்பிக்கும் முறையை மாணவனுக்கேற்ப மாற்றலாம் என்பது தெரிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனியில் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். சிறு வயதில் அம்மை வார்த்துப் பார்வை போனது. ராமநாதபுரத்து அவையில் புகழ்பெற்றார். பாடம் கேட்டல் என்பதுதான் அன்றைய கல்விக்குப் பெயர். படித்தல் அல்ல, கேட்டல். ஆசிரியர் சொல்ல மாணவன் மனத்தில் ஏற்றிக்கொள்வான். அந்த முறையில் பார்வையில்லாத மாணவன் பிற மாணவர்களைவிடப் பின்தங்கி நிற்கவில்லை.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வாசல் யாருக்கெல்லாம் திறந்தது, எந்தச் சாதிக்கு, எந்தப் பாலினத்துக்கு என்பது நமக்குத் தெரியாததல்ல. காது கேளாதவருக்கு அந்த முறையில் இடமே இல்லை. நான் சொல்ல வருவது வேறு: பார்வையின்மை கல்விக்குத் தடையாக இருப்பது இயற்கை விதி அல்ல. அச்சும், கரும்பலகையும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு வேரூன்றிய எழுத்துத் தேர்வும் கல்வியைக் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் உரியதாக்கின. நாம் கட்டியதுதான். கட்டியதை மாற்றிக் கட்டலாம்.

எம்.ஏ. தமிழ் படிக்கும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது. பேராசிரியர் பத்து நூல்களின் பட்டியலைத் தருகிறார். பக்கத்து இருக்கை மாணவர் அன்று மாலையே நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிறார். இவர் என்ன செய்வார்? பிரெய்லில் அந்த நூல் இருக்காது. பாரதி பிரெய்ல் 1951 முதல் இந்திய மொழிகளுக்குப் பொது முறையாக இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பாடநூல்களைத் தாண்டி ஆராய்ச்சி நூல்கள் அதில் அச்சாவது அபூர்வம். கணினியில் கோப்பாகக் கிடைத்தால் திரைவாசிப்பான் மென்பொருள் படித்துக்காட்டும். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது, தமிழும் படிக்கும். கோப்பு கிடைக்கிறது. திறக்கிறார். மென்பொருள் தமிழ் படிக்காமல் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக உச்சரிக்கிறது.

இதற்குக் காரணம் எழுத்துரு. 1990களிலும் அதற்குப் பிறகும் தமிழில் தட்டச்சான பெரும்பாலான நூல்கள், ஆய்வேடுகள், கல்லூரிச் சுற்றறிக்கைகள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் அமைந்தவை. திரையில் ‘அ’ தெரியும், உள்ளே கணினி வைத்திருப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் எண். கண்ணுள்ளவருக்குத் தமிழ், மென்பொருளுக்குக் குப்பை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்–16 குறியீட்டையும் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும், அழகான பழைய எழுத்துருவை விட மனமில்லாத அச்சகங்களும் துறைகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி உரிமை பற்றிய பேச்சில் எழுத்துருவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாய்தளத்துக்கு ரிப்பன் வெட்டலாம். எழுத்துருவுக்கு வெட்ட முடியாது.

கோப்பு வழி அடைபட்டால் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிழை திருத்த வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்றே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 300 பக்க நூலுக்குப் பதினைந்து மணி நேரம். பத்து நூல்களுக்கு 150 மணி நேரம். படிக்கத் தொடங்குவதற்கு முன்பே இவ்வளவு. பிழை திருத்துவதற்குப் பார்வையுள்ள ஒருவர் வேண்டும். நண்பர், தங்கை, விடுதியில் பக்கத்து அறைத் தம்பி என்று யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை இதில் போகிறது. அரசு வாசிப்பாளர் உதவித்தொகை என்று ஒன்று தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது மாணவரின் கையில் பணத்தைத் தந்துவிட்டு, ஆளைத் தேடும் வேலையையும் அவரிடமே விட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளி மாணவர் படித்தொகை என்று ஒன்று உண்டு. குறிப்பெடுப்பவர், கருவி, பயிற்சி ஆகியவற்றின் செலவை அது ஏற்கிறது. அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உழைப்பு தோழமையின் கணக்கில் எழுதப்படவில்லை, செலவுக் கணக்கில் எழுதப்படுகிறது.

பதிப்புரிமைதான் தடை என்று சொல்லவும் இப்போது வழியில்லை. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றுவது உரிமை மீறல் ஆகாது. பார்வையற்றோருக்கு நூல்களை எட்டச்செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. சட்டம் வழிவிட்டு நிற்கிறது. கோப்பை மாற்றித்தரும் ஆள்தான் கல்லூரியில் இல்லை.

இனித் தேர்வுக்கூடம். சட்டம் தாராளமாக இருக்கும் இடம்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது, புறநகர்க் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. தமிழ்த் தேர்வுக்குச் ‘சொல்வதை எழுதுபவராக’ப் போனேன். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத்தான் என்னைப் பிடித்தார்கள். ஏற்பாடு செய்திருந்த ஆள் வரவில்லையாம். மறுநாள் காலை அந்த மாணவர் முதல் அரைமணி நேரம் என் கையெழுத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறார். நான் எழுதுகிறேன். திடீரென்று நிறுத்தி, “தங்கச்சி, அங்க என்ன ன போட்டீங்க? அது மூணு சுழி” என்பார். ல, ள, ழ; ர, ற; சந்தியில் க் வருமா வராதா? இலக்கியத் தேர்வில் இதெல்லாம் மதிப்பெண். தமிழில் எழுதத் தெரிந்தவருக்குக் கை தானாகச் செய்யும் வேலையை அவர் ஒவ்வொரு எழுத்தாக வாயால் செய்துகொண்டிருந்தார். கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம் என்னுடைய எழுத்துப் பிழைகளுக்கே போதவில்லை. முடிந்ததும் எனக்கு நன்றி சொன்னார். என் அறியாமைக்காக அவர் இழந்த மதிப்பெண்ணுக்கும் சேர்த்து.

2018 வழிகாட்டுதல் ஒரு விசித்திரத்தையும் செய்தது. மாணவரே ஆளை அழைத்துவந்தால் அந்த ஆளின் கல்வித் தகுதி மாணவரின் தகுதிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது. காரணம் புரிகிறது: எழுதுபவரே பதில் சொல்லிவிடக் கூடாது. ஆனால் விளைவு? பாடம் தெரியாதவர்தான் எழுத வேண்டும் என்றாகிறது. முறைகேட்டுக்கு அஞ்சி விதி எழுதுகிறோம், மாணவரின் பதில் சிதைவதற்கு அஞ்சி ஒரு விதியும் இல்லை.

சொல்வதை எழுதுபவர் யாருக்கெல்லாம் உரிமை என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ளவர் அவர். 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்றிதழ் இல்லை என்று யுபிஎஸ்சி மறுத்தது. சான்றிதழ் அளவு இடஒதுக்கீட்டுக்குத்தான், வசதிக்கு அல்ல என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு பழைய தீர்ப்பையும் விமர்சித்தது. உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு 40 முதல் 50 விழுக்காடு வரை பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று தமிழ்நாடு வைத்த வரம்பை 2019இல் வி. சுரேந்திர மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரியென்றிருந்தது. 2025 மார்ச்சில், பார்வையின்மையைக் காரணமாக்கி யாரையும் நீதித்துறைப் பணிக்கு வெளியே நிறுத்த முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகளில் சட்டம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. கல்லூரி அலுவலகங்கள் அதே வேகத்தில் நடக்கவில்லை.

காது கேளாத மாணவர்களின் கதை வேறு வகை. மாநிலக் கல்லூரி 2007–08இல் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளைத் தொடங்கியது. அரசுக் கல்லூரி ஒன்று இதைச் செய்தது பெரிய காரியம். ஆனால் பள்ளியில் அவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. சைகை மொழியில் மொழி கற்பிக்க ஆசிரியர் இல்லாத குறையை, பாடத்தையே நீக்கிச் சரிக்கட்டிய சலுகை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்தாம் வகுப்பில் நிம்மதி. பட்டத்துக்குப் பிறகு, ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் உலகில், அந்த நிம்மதிக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. இந்திய சைகை மொழிக்கான தேசிய ஆய்வு மையம் 2015இல்தான் வந்தது. அதன் அகராதி 2021இல் பத்தாயிரம் சொற்களை எட்டியது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அது போதுமா என்பதை மொழியியலாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

முனைவர் பட்டம் என்றதும் கடிகாரம் மறுபடி வருகிறது. யுஜிசியின் 2022 விதிகளின்படி ஆய்வை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு. ஆக, பத்து ஆண்டுகள் வரை போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 200 பேருக்கு. அது ஓடுவது ஐந்து ஆண்டுகள். மீதி ஆண்டுகளை எதைத் தின்று கழிப்பது? உடலும் மனமும் ஓடும் வேகத்துக்கேற்பக் கடிகாரத்தை வளைக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் அலிசன் கேஃபர் 2013இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். நம் விதிகள் கடிகாரத்தை நீட்டுகின்றன, வளைக்கவில்லை. முதல் ஆண்டிலேயே கோப்பும் வாசிப்பாளரும் கிடைத்திருந்தால் அந்தக் கூடுதல் இரண்டு ஆண்டுகள் பலருக்குத் தேவைப்பட்டிருக்காது. முன்னால் தர வேண்டிய நேரத்தைப் பின்னால் தந்துவிட்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பட்டம் வாங்கியவர்கள் வேலைக்காகக் காத்திருந்த காலம் தனி. பார்வை மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகள் 2013இல் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்து போராடினார்கள். 2014 மே மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று சிறப்பு ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. போராடாமல் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாடு பரவாயில்லை என்பார்கள். உண்மைதான். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைத் தந்து தனித் துறையையும் அமைத்தார். பேருந்துச் சலுகை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்தன, அதுவும் ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு. சென்னை லிட்டில் ஃபிளவர் பள்ளியில் படித்த பெனோ செஃபைன் 2015இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்கு வந்த முதல் ஆள். அவருடைய தாயும் தோழிகளும் வாசித்துக்காட்டிய மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்து யாரும் எழுதவில்லை. சாதனைக் கதைகளோடு எனக்கிருக்கும் மனத்தாங்கல் இதுதான். கல்லூரி செய்யாமல் விட்ட வேலையை அவை குடும்பத்தின் பெருமையாக மாற்றிவிடுகின்றன.

இந்தக் கட்டுரையைக் கல்லூரி ஆசிரியர் யாராவது படித்தால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பாடக்குறிப்புகளையும் நூல் பட்டியலையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து, வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றித்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகருக்கும் இதையே சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் பார்வை மாற்றுத்திறனாளி யாரும் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அவர் வந்து கேட்ட பிறகு தொடங்கினால் அந்தப் பருவம் போய்விடும்.